நல்லார்பர் நாற்றம்

செம்மறி ஆடுகளை ஏற்றிய லாரி அவர்களை முந்திக்கொண்டு போனபோது நோலீன் டிரெசீஸ் வாயைத் திறந்து வைத்திருந்தாள். "கண்ணாடிய ஏத்து மெர்வ், அந்த லாரி" என்பது வரை சொல்லியிருந்தாள். மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. மூன்று பெட்டிகளைக் கோத்துக்கொண்டு ரயில் போல நீண்ட அந்த லாரியின் அடுக்குகளிலிருந்து மூத்திரமும் புழுக்கையும் கலந்து ஒழுகிக்கொண்டிருந்தது. வடக்கேயிருந்து அடித்த அனல்காற்று அதை அப்படியே வாரி எடுத்து, காரை ஓட்டிக்கொண்டிருந்த கணவன் மெர்வின் மூக்கு நுனியைத் தாண்டிக் கொண்டுவந்து, அவள் முகத்தில் வீசியது.

வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பைத்தான் அவளால் பிற்பாடும் மறக்க முடியவில்லை. உப்பு, கசப்பு, நடுவில் எங்கோ ஒரு துளி இனிப்பு. அந்த இனிப்பு எதிலிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கவே கூடாது என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டாள். உடனே யோசித்தாள்.

மெர்வ் காரை ஓரங்கட்டினான். பின்னால் இழுத்து வந்த கேரவன் என்ற வீட்டுவண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்கண்ணாடியில் வழிந்ததை வைப்பர் போட்டுத் துடைக்கப் பார்த்தான். அது இரண்டு பச்சை விசிறிகளாக விரிந்து அங்கேயே காய்ந்தது.

"நல்லவேளை," என்றான், "நான் வாய மூடியிருந்தேன்."

நோலீன் கதவைத் திறந்து, குனிந்து, உப்பு நிலத்துப் புதர்களுக்கு நடுவே துப்பினாள். மறுபடி துப்பினாள். எச்சில் வற்றிப் போன பிறகும் துப்பிக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு ஈக்கள் வந்து சேர்ந்தன. நல்லார்பர் என்ற அந்த ஆஸ்திரேலியப் பொட்டல்வெளியில் ஒரு மரம்கூடக் கிடையாது. இத்தனை ஈயும் எங்கேதான் காத்திருந்தனவோ, விருந்துக்கு அழைத்தது போல வந்தன.

"சுத்தமான புல்லு தின்ன ஆடுங்கதானே," என்றான் மெர்வ், தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி. "மருந்து கிருந்து எதுவும் இருக்காது."

மெர்வ் எப்போதும் இப்படி இருந்தவனல்ல. அவர்கள் ஊரான போர்ட் பிரியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில் அவன் வாயில் வராத வசவு கிடையாது. மழை பெய்தால் திட்டுவான், பெய்யாவிட்டாலும் திட்டுவான். பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் ஒட்டிவைத்த சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டே ஒவ்வொரு குடும்பத்தையும் பாட்டன் வரைக்கும் இழுத்து வைவான். நோலீன் கல்யாணம் செய்துகொண்டது அந்த மெர்வைத்தான். பிறகு அவனுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. தேறிவருகிறவர்களுக்கு என்று மருத்துவமனையில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். அங்கே நடைப்பயிற்சியோடு நல்ல எண்ணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிறவர்களும் சொல்ல வேண்டும். இதயத்துக்கு அது நல்லதாம்.

அவன் இதயத்துக்காக நோலீனும் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லது எதுவும் நடக்காத நாட்களில் இட்டுக்கட்டிச் சொன்னாள். ஒரே பீச் பழத்தை நிறம், ருசி, விலை என்று மூன்றாகப் பிரித்துச் சொன்ன நாளும் உண்டு.

அவள் உடம்போ வேறு வாகு. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராகக் காலமெல்லாம் வேலை பார்த்தவள் அவள். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் வாயைத் திறந்ததுமே முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டார், எதை மறைத்துக் குடித்தார், எந்தக் கடைவாயில் சீழ் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஓய்வு பெற்றபோது வேலை போனது, மூக்கு போகவில்லை. அடுத்த வீட்டு நாய்க்குக் காதில் புண் என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னவள்.

மேற்கே வெகுதூரத்தில் எஸ்பெரன்ஸில் இருக்கும் மகள் ஜேனைனைப் பார்க்க விமானத்தில் போய்விடலாம் என்றுதான் அவள் சொன்னாள். "வழியெல்லாம் பாத்துக்கிட்டே போலாம் நோல்," என்று மெர்வ் கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பினான். கிளம்பிய அன்றைக்கே காரின் ஏசி செத்தது. "இயற்கைக் காத்து," என்று சொல்லிக் கண்ணாடிகளை இறக்கியவனும் அவன்தான்.

அன்று சாயங்காலம் சாலையோரத் தங்குமிடம் ஒன்றில் நிறுத்தினார்கள். இரண்டு சிமெண்டு மேசைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குழிக் கழிப்பறை. கழிப்பறைக்குள் போன நோலீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், மூச்சைப் பிடித்துக்கொண்டே திரும்ப நினைத்தாள். பாதியில் மூச்சு முட்டிவிட்டது. இழுத்த மூச்சோடு ஓர் ஈயும் உள்ளே போயிற்று. வெளியே வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது தொண்டைக்குள் இன்னும் நடமாடுவது போலிருந்தது.

கேரவனுக்குள்ளும் ஏதோ சரியில்லை. கதவைத் திறந்ததுமே அவளுக்குப் பட்டது. லாரியின் நாற்றம் அல்ல. அது காரில் இருந்தது, காரோடு இருந்தது. இது வேறு. ஈரமான, கொழகொழவென்ற, ஓரத்தில் கொஞ்சம் அமோனியா ஏறிய ஒரு வாடை.

"மெர்வ், இங்க ஏதோ அழுகுது."

மெர்வ் உள்ளே வந்து நெஞ்சு விரிய மூச்சிழுத்தான். "கடல் வாசன," என்றான்.

"கடல் எங்கிருக்கு, இது எங்கிருக்கு? கடலுக்குச் சீக்கு வந்தாலும் இப்படி நாறாது."

அவள் ஃபிரிட்ஜைத் துடைத்தாள். கழிவுத் தொட்டியைக் கழுவினாள். சாக்கடைக் குழாயில் வினிகர் ஊற்றினாள். வாடை கொஞ்சமும் குறையவில்லை. மெர்வ் வெளியே மேசையில் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை வெட்டி வைத்துவிட்டு, மேற்கே பார்த்தபடி ஆரம்பித்தான். "ஒண்ணு, இந்த வானம். ரெண்டு, கக்கூஸ்ல பேப்பர் இருந்திச்சு. மூணு, அந்த லாரிக்காரன் போறப்ப ஹாரன் அடிச்சுக் கை காட்டினான் பாத்தியா, நல்ல மனுஷன். இப்ப நீ சொல்லு."

நோலீன் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு, ஆட்டு மூத்திரத்தக் குடிச்சேன். ரெண்டு, கக்கூஸ் ஈய முழுங்கினேன். மூணு, நம்ம கட்டிலுக்குக் கீழ ஏதோ செத்துக் கெடக்கு, அதுமேல என்னைப் படுத்துத் தூங்கச் சொல்றே."

"நோல், நல்லதத்தான் சொல்லணும்."

"எனக்கு நல்லது தீந்துபோச்சு மெர்வ். கையிருப்பு இல்ல. உனக்கு எல்லாமே மணக்குது. என் கூட இருக்கியா, இல்ல அந்த வகுப்புலயே தங்கிட்டியா, அதுகூட எனக்குத் தெரியல."

மெர்வ் அவள் தட்டையும் சேர்த்து எடுத்துப்போய்க் கழுவினான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. கோபம் என்றால் அவளுக்கு அடையாளம் தெரியும். இது அது அல்ல. இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். அவள் மூக்கின்மேல் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். வாயால் விட்டால் அந்த வாடைக்கு ருசி இருந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே ஒரு நெடுஞ்சாலை விடுதியை அடைந்தார்கள். பெட்ரோல் பம்பு, சாப்பாட்டுக் கடை, பின்னால் வண்டிகள் நிறுத்தச் செம்மண் திடல். கடையை நடத்துகிற ஐவி என்ற பெரிய உடம்புக்காரி கையில் துடைப்பத்துடன் வெளியே வந்தாள். கேரவன் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் இல்ல," என்றான் மெர்வ் சிரித்தபடி.

"மாமியாரக் கூட்டிட்டுப் போறீங்களோன்னு நெனச்சேன். அங்க, அந்தக் கோடியில நிறுத்துங்க. அதுக்கும் அந்தாண்ட. என் கடையில ஜனங்க சாப்பிடுறாங்க."

நோலீனுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உலகத்தில் இன்னொரு மூக்கு இருந்தது. அது பொய் சொல்லவில்லை.

திடலின் கோடியில் வண்டி நின்றதும் அவள் கையுறை மாட்டிக்கொண்டு கேரவனுக்குள் நுழைந்தாள். மெத்தையைத் தூக்கினாள். சாப்பாட்டு மேசையை ஒட்டிய இருக்கைப் பலகையைத் திறந்தாள். உள்ளே, அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாய்க்குப் பின்னால் திணித்து வைத்தபடி, மெர்வின் பழைய நீலநிற ஐஸ் பெட்டி இருந்தது. மூடி சரியாக மூடவில்லை. அதைத் தூக்கும் வாரே குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கிலிருந்து ஏதோ ஒழுகிப் பலகையில் காய்ந்து பளபளத்தது. ஈக்கள் அந்த இடுக்கின் வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தன.

"மெர்வ், இது என்ன?"

வாசலில் நின்று எட்டிப் பார்த்த மெர்வின் முகம் விழுந்தது. "ஐயோ. ஜேனைனுக்காக வாங்கினேன். வர்ற வழியில, செடூனா துறைமுகத்துல, படகுக்காரன்கிட்ட. ராஜா இறால் நோல், கை நீளத்துக்கு. அவளுக்குப் பிடிக்குமேன்னு. உனக்கும் தெரியாம வச்சு, அங்க போய்த் திறந்து காட்டலாம்னு. ஐஸ் போடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

அவன் வந்து பெட்டியை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, குழாயோடு சேர்த்து ஆட்டி ஆட்டி வெடுக்கென்று இழுத்தான். பெட்டி வந்தது, மூடி கழன்றுகொண்டது.

நோலீன் தன் காலத்தில் எத்தனையோ வாய்களுக்குள் எட்டிப் பார்த்தவள்தான். இருந்தாலும் இதற்கு அவள் தயாராக இல்லை. இறால்கள் இறால்களாக இல்லை. கறுத்த கண்கள் மட்டும் ஒரு சாம்பல்நிறக் கூழில் மிதந்தன. கூழ் அசைந்துகொண்டிருந்தது. காற்று இல்லாமல், குலுக்காமல், தானாகவே மெல்ல அசைந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புழுக்கள் வேலையாக இருந்தன. நாற்றம் மூக்கில் ஏறவில்லை. நேராகக் கண்ணில் ஏறிற்று, பல்லில் ஏறிற்று. அவள் வாசலுக்கு ஓடினாள். வாசல் வரைதான் போக முடிந்தது. படியில் மெர்வின் செருப்புகள் இருந்தன. வந்ததெல்லாம் அவற்றின் மேல் வந்தது.

"பரவால்ல நோல், செருப்புலதானே," என்றான் மெர்வ் உள்ளேயிருந்து.

பிறகு அவன் அந்தப் பெட்டியை இரு கைகளாலும் தூக்கி, நெஞ்சோடு அணைத்தபடி, வெறுங்காலோடு திடலைக் கடந்து குப்பைத் தொட்டிக்கு நடந்தான். பெட்டிக்கு நேர் மேலே அவன் முகம். சீட்டியடித்துக்கொண்டு போனான். கூழ் தளும்பி அவன் சட்டையில் பட்டது; புறங்கையால் தட்டிவிட்டான்.

கடைக் கதவருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஐவி, "உன் ஆளு பொணம் தூக்குற வேல செஞ்சவரா?" என்று கேட்டாள்.

"பஸ் ஓட்டினவரு."

"முகத்தக்கூடச் சுளிக்கலையே. எனக்கு இங்கேருந்தே காலைல தின்னது மேல வருது."

நோலீனுக்கும் அது உறுத்தியது. ஆனால் அப்போது அவளுக்கு வேண்டியிருந்தது தண்ணீர்தான். குளியலறையில் ஆழ்கிணற்று உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சோப்பு நுரைக்கவில்லை. வடிகால் ஓட்டையில் யாருடைய முடியோ ஒரு சுருளாகக் கிடந்து, தண்ணீர் பட்டதும் உயிர் வந்தது போல அவள் கால்விரலைத் தொட்டது. அவள் ஒற்றைக் காலில் நின்று குளித்து முடித்தாள்.

திரும்பி வரும்போது கேரவனின் கதவு சாத்தியிருந்தது. ஈ வராமலிருக்க மெர்வ் ஜன்னல்களையும் மூடியிருந்தான். பத்தடி தூரத்திலேயே அவள் கால் நின்றது. இறால் நாற்றம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, தரையோடு தரையாக, வேறொன்று இருந்தது. கெட்டுப்போன முட்டைக்கோஸ் போல, வெங்காயம் போல. அது இறால் அல்ல, ஆடு அல்ல, கழிவுத் தொட்டியும் அல்ல. அவள் மூக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றன் மேல் போய் நின்றது.

அவள் ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். உள்ளே மெர்வ் அடுப்பின் முன்னால் நின்றிருந்தான். கெண்டி மேலே இருந்தது. அவன் கையில் லைட்டர்.

"வந்துட்டியா, உனக்கு டீ போடலாம்னுதான். இந்த லைட்டரக் காணாம எவ்வளவு நேரமாத் தேடிட்டு"

"பத்த வைக்காத!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மெர்வின் கட்டைவிரல் சக்கரத்தின் மேல் நின்றது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, லைட்டரைப் பிடுங்கி வெளியே திடலில் எறிந்தாள். சட்டையைப் பிடித்து அவனைப் படியில் இழுத்தாள். அவன் தன் செருப்பிலிருந்ததையே மிதித்து வழுக்கி மண்ணில் உட்கார்ந்தான். அவள் வண்டியின் முன்பக்கம் சுற்றி ஓடி எரிவாயு சிலிண்டரைத் திருகி மூடினாள்.

பெட்டியை இழுத்த இழுப்பில் குழாயின் இணைப்பு பிடுங்கிக்கொண்டிருந்தது. லைட்டரைத் தேடுவதற்கு முன்பே மெர்வ் சிலிண்டரைத் திறந்து வைத்திருந்தான். அவ்வளவு நேரமும் அந்த மூடிய டப்பாவுக்குள், முழங்கால் உயரத்துக்கு எரிவாயு நிறைந்து நிற்க, நடுவில் நின்று தேடிக்கொண்டிருந்தான்.

இருவரும் தூரமாகப் போய் மண்ணிலேயே உட்கார்ந்தார்கள்.

"உனக்குத் தெரியலையா?" என்றாள். "அந்த நாத்தம் உனக்குத் தெரியலையா மெர்வ்?"

அவன் தன் வெறுங்கால்களைப் பார்த்தான். கால்விரல் இடுக்கில் அவள் கக்கியது இருந்தது.

"தெரியாது நோல். எதுவும் தெரியாது. போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், காய்ச்சல்ல கெடந்தேன் பாரு. அதுலேருந்து மூக்கு இல்ல. வந்தாலும் வரும், வராமலும் போகும்னு டாக்டர் சொன்னாரு."

"ரெண்டு வருஷமா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப என் ஆட்டுக்கறி வறுவல்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தட்டுமேல குனிஞ்சு, ஆகா என்ன வாசனன்னு சொல்லுவியே?"

"உப்பு தெரியும். புளிப்பு தெரியும். மத்ததெல்லாம் காகித அட்டைய மெல்ற மாதிரி. நீ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பே. என்ன சொல்லச் சொல்றே?"

"உள்ளதச் சொல்லச் சொல்றேன்."

"சொல்லத்தான் நெனச்சேன். ஏற்கெனவே நெஞ்சு வேற கிழிச்சுத் தச்சது. இதயும் சொன்னா, இவனுக்கு இன்னொன்னும் போச்சுன்னு உன் மூஞ்சி ஆயிடும். அதப் பாக்க வேணாம்னு இருந்திச்சு. அப்புறம் ஒருமுறை பொய் சொல்லிட்டா அதையே பிடிச்சுக்கிட்டுப் போகத்தானே வேண்டியிருக்கு. எல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லிட்டா தப்பே வராது பாரு."

நோலீனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கொஞ்சம் முன்னால் அவனை உயிரோடு இழுத்து வந்தவள், இப்போது அவனை அடிக்க விரும்பினாள். இரண்டு வருஷமாக ஒரு நாற்றத்தையும் முகராமலே அவளுடைய எல்லா முகச்சுளிப்புக்கும் உபதேசம் செய்தவன். அவள்தான் குறைகாணி, அவள்தான் நல்லதைப் பார்க்கத் தெரியாதவள் என்று அவளையே நம்ப வைத்தவன். அதே சமயம் அவனைப் பார்க்கப் பார்க்க, சட்டையில் சாம்பல்நிறக் கூழ் காய்ந்து, அதன் மேல் ஈ மொய்க்க, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய உருவத்தின் மேல் ஒரு மனக்கசிவும் வந்தது. அதை அவள் அப்போதைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ ரொம்ப அருவருப்பா இருக்கே மெர்வ்," என்றாள். "தெரியுமா உனக்கு?"

"தெரியாதே. அதான் சொல்றேன்." பிறகு அவன் கேட்டான். "ரொம்ப மோசமா இருந்திச்சா, அந்த இறாலு?"

"கேக்காத."

"நெஜமாத்தான் கேக்குறேன். எனக்கு அதுகூடக் கெடைக்கலையே. நல்ல வாசன போனா பரவால்ல, ஒரு நல்ல கெட்ட நாத்தமாவது வரக் கூடாதான்னு எத்தன நாள் குப்பைத் தொட்டியத் திறந்து வச்சுக்கிட்டு நின்னிருக்கேன். சொல்லு நோல். எப்படி இருந்திச்சு?"

அவள் அவனைப் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை. வானொலியில் கிரிக்கெட் கேட்கிறவன் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல," என்றாள் நோலீன், "ஈரத் துணிய ஒரு வாரம் பையில கட்டிவச்சுத் திறந்த மாதிரி. அது வாசல்ல நிக்கிற நாத்தம். அதுக்குப் பின்னால, கெழவன் ஒருத்தன் பல்செட்டு கழட்டாமலே வருஷக்கணக்கா மீன் தின்னா வருமே, அது."

"ம்."

"அதுவும் பரவால்லன்னு நெனைக்கிறப்ப, ஒரு இனிப்பு. பழுத்து வெடிச்ச பழம் மாதிரி. அதுதான் வயித்தப் புரட்டினது. நாத்தம் நாத்தமா இருந்துட்டுப் போகட்டும், அதுக்கு எதுக்கு இனிப்பு?"

மெர்வின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அவள் நிறுத்தவில்லை. முந்தின நாள் கழிப்பறையைச் சொன்னாள். ஆட்டு லாரியைச் சொன்னாள். அந்த வெதுவெதுப்பை, நாக்கின் எந்தப் பக்கத்தில் எது பட்டது என்பதை, தொண்டை எதை ஏற்றுக்கொள்ள மறுத்தது என்பதை எதையும் விடாமல் சொன்னாள். குளியலறை முடிச்சுருளையும் சேர்த்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக நல்லதற்குள் சுருட்டி வைத்திருந்த அருவருப்பு முழுவதும் வெளியே வந்தது. மெர்வ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான், இருமினான், இன்னும், இன்னும் என்று கையாட்டினான்.

டீ கொண்டுவந்த ஐவி சற்றுத் தள்ளியே நின்று கேட்டாள். "கடல் சிங்கம் கக்கினது மாதிரின்னு சொல்லு," என்றாள். "அதான் பக்கம்."

"நீ எங்க மோந்தே?" என்று கேட்டாள் நோலீன்.

"ஒண்ணு என் மச்சான் படகுல கக்கிச்சு. அந்தப் படகயே வித்துட்டான்."

எரிவாயு வேலை தெரிந்த ஒருவர் மேற்கேயிருந்து வருவதற்காக அங்கேயே தங்க வேண்டியிருந்தது. கேரவனின் கதவும் ஜன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. அவர்கள் ஐவியின் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் படுத்தார்கள். தலையணையில் முன்பு படுத்தவரின் தலைஎண்ணெய் வீசியது. அதை நோலீன் சொன்னாள். மெர்வ் கேட்டுக்கொண்டான். சாப்பாட்டின்போது அவன் நல்லதைச் சொல்லத் தொடங்கவில்லை. ஐவியின் ஆட்டுக்கறிக் குழம்பை இரண்டு வாய் தின்றுவிட்டு, "அட்டை," என்றான். பிறகு, நீண்ட காலத்துக்குப் பிறகு முதல்முறையாக, பழைய பஸ் காலத்து வசவு ஒன்றைக் கொட்டித் தீர்த்தான். அவன் மூக்கை, அந்தக் காய்ச்சலை, அந்தப் படகுக்காரனை, எல்லாரையும் பாட்டன் வரைக்கும் இழுத்து வைதான். நோலீன் தன் தட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். அவளுக்கு அது இனிமையாக இருந்தது.

எஸ்பெரன்ஸில் ஜேனைன் வாசலுக்கு ஓடி வந்தாள். கைகளை விரித்தபடி வந்தவள் தோட்டத்துக் கதவருகே நின்று, விரித்த கைகளை மெல்ல இறக்கினாள்.

"அம்மா," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரெண்டு பேரும் மொதல்ல குளிங்க. துணிய உள்ள கொண்டு வராதீங்க. காரையும் தெருவுலயே விடுங்க. என்ன இது, எங்க போய் விழுந்தீங்க?"

மெர்வ் மனைவியின் பக்கம் குனிந்தான். "அவ்வளவு நாறுதா நோல்?"

"அவ்வளவு நாறுது."

"எந்த மாதிரி?"

நோலீன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆழமாக ஒருமுறை மூச்சிழுத்தாள்.